சாஸ் டேவிஸுக்கு ஏன் சூப்பர்பைக் பட்டம் கிடைக்கவில்லை?

கேள்வி இது: வேல்ஸைச் சேர்ந்த பைக் பந்தய வீரர் சாஸ் டேவிஸ் உலக சூப்பர்பைக் போட்டியில் மூன்று முறை இரண்டாம் இடம் பிடித்தும் ஒரு முறைகூடப் பட்டம் வெல்லவில்லை. அவர் யார், எங்கிருந்து வந்தார், பட்டம் கிடைக்காதது வெறும் துரதிர்ஷ்டம்தானா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். துரதிர்ஷ்டம் உண்டு, ஆனால் அது மட்டும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். அந்தக் கணக்கைக் கீழே போடுகிறேன். அதற்கு முன் ஆள் யாரென்று தெரிய வேண்டும்.

டேவிஸ் பிறந்தது 1987 பிப்ரவரி 10. ஊர் நைட்டன், வேல்ஸின் போவிஸ் மாவட்டத்தில் இங்கிலாந்து எல்லையை ஒட்டி உள்ள சிற்றூர். எட்டாம் நூற்றாண்டில் ஆஃபா என்ற மன்னர் எழுப்பியதாகச் சொல்லப்படும் நீண்ட மண்கரை அந்த ஊர் வழியாகப் போகிறது. வேல்ஸ் மொழியில் ஊரின் பெயரே 'கரைமேல் ஊர்' என்ற பொருளில்தான் வரும். இதில் ஒரு வேடிக்கை: ஊர் வேல்ஸில், அதன் ரயில் நிலையம் இங்கிலாந்தில். ரயிலை விட்டு இறங்கிச் சற்று நடந்தால் நாடு மாறிவிடும். மலைச்சரிவும் ஆட்டு மந்தையுமாக இருக்கும் இப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒருவர் இத்தாலியின் டுகாட்டி தொழிற்சாலை அணிக்கு (வண்டி நிறுவனமே நடத்தும் அணி) முதன்மை வீரராகப் போனார் என்றால், நடுவில் ஒரு நீண்ட சுற்றுவழி இருந்தது என்று அர்த்தம்.

பதினைந்து வயதில், 2002ல், 125 சிசி கிராண்ட் பிரீ பந்தயங்களில் ஏப்ரிலியா ஓட்டினார். அடுத்த வருடமே 250 சிசிக்குப் போய்விட்டார். இந்த இடத்தில்தான் முதல் சறுக்கல் என்று நினைக்கிறேன். அவ்வளவு சின்ன வயதில் 250க்கு ஏறுவது அவசரம். அதுவும் அந்த வகுப்பில் நல்ல வண்டி இல்லாமல் எதுவும் நடக்காது. தொழிற்சாலை தரும் உயர்ரக ஏப்ரிலியாவும் ஹோண்டாவும் சிலருக்கு மட்டும்தான் கிடைக்கும். மற்றவர்கள் பழைய பாகங்களோடு பத்தாவது, பன்னிரண்டாவது இடத்துக்குச் சண்டை போட வேண்டியதுதான். டேவிஸ் நான்கு வருடம் அப்படித்தான் ஓட்டினார். கிராண்ட் பிரீயில் அவருக்கு ஒரு போடியம்கூட, அதாவது முதல் மூன்று இடங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பிறகு அந்தக் கதவு சாத்திக்கொண்டது. அப்போது வயது இருபதுகூட ஆகவில்லை.

அப்புறம் அமெரிக்கா. பெரும்பாலான ஐரோப்பிய வீரர்கள் அமெரிக்க உள்நாட்டுப் பந்தயங்களுக்குப் போவது தொழில் முடியும் காலத்தில்தான். டேவிஸ் போனது தொழில் தொடங்க வேண்டிய வயதில். அங்கே 600 சிசி வண்டிகள் ஓட்டினார். 2007ல் நடுவே லகூனா சேகாவில் காயமடைந்த அலெக்ஸ் ஹாஃப்மனுக்குப் பதிலாக டி'ஆன்டின் அணியின் டுகாட்டியில் மோட்டோஜிபி, அதாவது கிராண்ட் பிரீயின் உச்ச வகுப்புப் பந்தயம் ஓட்டும் வாய்ப்பு வந்தது. அந்த வருடம் இன்னும் ஓரிரு முறை அதே அணி கூப்பிட்டது. ஆனால் மாற்று ஆளாக மட்டும்தான்.

2008ல் டேடோனா 200. ஃபுளோரிடாவில் நடக்கும் 200 மைல் பந்தயம், அதாவது ஏறக்குறைய 320 கிலோமீட்டர். நடுவில் நின்று பெட்ரோலும் டயரும் மாற்ற வேண்டும். வளைவுகளில் தார்ச்சாலை 31 டிகிரி சாய்ந்து சுவர் போல நிற்கும். அந்த வருடம் கோட்டை முதலில் கடந்தவர் ஹோண்டா ஓட்டிய ஜோஷ் ஹேய்ஸ். பந்தயம் முடிந்து எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது அதன் சுழல்தண்டு (கிராங்க்ஷாஃப்ட்) விதிக்கு மாறாகப் பளபளப்பாகத் தேய்க்கப்பட்டிருந்தது தெரிந்தது. ஹேய்ஸ் நீக்கப்பட்டார். கவாஸாகியில் வந்த டேவிஸ் வெற்றியாளர் ஆனார். வெற்றியைக் காகிதத்தில் வாங்குவது யாருக்கும் இனிக்காது. ஆனாலும் டேடோனா 200 வென்றவர் பட்டியலில் பெயர் இருப்பது இருப்பதுதான். ஹேய்ஸ் பின்னாளில் அமெரிக்க சூப்பர்பைக் பட்டத்தை நான்கு முறை வென்றார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவருக்கு நியாயம்.

2010ல் ஐரோப்பாவுக்குத் திரும்பி, பார்க்கின்கோ என்ற இத்தாலிய அணியில் ட்ரையம்ப் வண்டியோடு உலக சூப்பர்ஸ்போர்ட் வகுப்பில் சேர்ந்தார். இது 600 சிசி அளவிலான வண்டிகளின் உலகப் போட்டி. சூப்பர்பைக்குக்கு ஒரு படி கீழே. அடுத்த வருடம் அதே அணி யமஹா ஆர்6க்கு மாறியது. 2011ல் ஆறு பந்தயம் வென்று, பிரான்ஸின் மன்யி-கூர் தடத்தில் உலகப் பட்டத்தை உறுதி செய்தார். ஆகவே 'உலகப் பட்டம் இல்லாதவர்' என்று யாராவது சொன்னால் அது தவறு. அவர் உலக சாம்பியன்தான். சூப்பர்பைக்கில்தான் இல்லை.

சூப்பர்பைக் என்றால் என்ன என்று ஒரு வரி. கடையில் விற்கும் வண்டியை அடிப்படையாகக் கொண்டுதான் பந்தய வண்டியைக் கட்ட வேண்டும். மோட்டோஜிபி போல வெறும் காகிதத்திலிருந்து ஒரு வண்டியை உருவாக்க முடியாது. அதனால் வண்டியின் அடிப்படை வடிவத்தில் ஒரு குறை இருந்தால் அதோடுதான் குடும்பம் நடத்த வேண்டும். இதை நினைவில் வையுங்கள், டுகாட்டி கதைக்கு இது முக்கியம்.

2012ல் பார்க்கின்கோ அணி ஏப்ரிலியா வாங்கிக்கொண்டு டேவிஸோடு சூப்பர்பைக்குக்கு ஏறியது. சின்ன அணி. ஆனாலும் செப்டம்பரில் ஜெர்மனியின் நூர்புர்க்ரிங்கில் முதல் வெற்றி. 2013ல் பிஎம்டபிள்யூ அழைத்தது. ஸ்பெயினின் அரகோன் தடத்தில் ஒரே நாளில் இரண்டு பந்தயங்களையும் வென்றார். மறுபடி நூர்புர்க்ரிங்கில் ஒன்று. மொத்தம் ஐந்தாம் இடம். நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பிஎம்டபிள்யூ தன் தொழிற்சாலை அணியை மூடிவிட்டது. மூன்று வருடத்தில் மூன்றாவது வண்டியைத் தேட வேண்டிய நிலை. அந்தச் சமயத்தில் டுகாட்டி கூப்பிட்டது.

டுகாட்டி என்றதும் பெரிய அதிர்ஷ்டம் என்று நினைக்கத் தோன்றும். அப்போது அப்படி இல்லை. உலக சூப்பர்பைக்கில் அதிகம் வென்ற நிறுவனம் அதுதான், ஆனால் 2013ல் கொண்டுவந்த பனிகாலே வண்டி ஒரு பந்தயம்கூட வெல்லவில்லை. 2011ல் டுகாட்டிக்குப் பட்டம் வாங்கித் தந்த கார்லோஸ் செக்காவே பனிகாலேயோடு திணறி, காயம்பட்டு, அந்த வருடத்தோடு ஓய்வு பெற்றார். செக்காவின் 7ஆம் எண்ணை டேவிஸ் எடுத்துக்கொண்டார். சூப்பர்ஸ்போர்ட் பட்டம் வென்றபோது அவர் ஓட்டிய எண்ணும் அதுதான். சூப்பர்பைக்குக்கு வந்தபோது செக்கா வைத்திருந்ததால் 19க்கு மாறியிருந்தார்.

பனிகாலேயில் என்ன பிரச்சினை? மற்றவர்கள் எல்லாம் 1000 சிசி, நான்கு சிலிண்டர். டுகாட்டி 1200 சிசி, இரண்டே சிலிண்டர். சிலிண்டரின் அகலம் மிகப் பெரியது, பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் குறைவு. அதிக வேகத்தில் சுழன்று சக்தி தர வேண்டும் என்பதற்காக அப்படி. விளைவு, பழைய டுகாட்டிகள் வளைவிலிருந்து வெளியேறும்போது கீழ்வேகத்திலேயே கொடுத்த அந்தத் தள்ளு குறைந்தது. சட்டகமும் புதுசு. டுகாட்டியின் அடையாளமான குழாய்ச் சட்டகத்தை விட்டுவிட்டு, எஞ்சினையே உடலாக வைத்து முன்பக்கத்தில் ஒரு பெட்டி போன்ற அமைப்பைப் பொருத்தியிருந்தார்கள். கடையில் விற்கும் வண்டி அப்படி என்றால் பந்தய வண்டியும் அப்படித்தான். அதைத்தான் மேலே குடும்பம் நடத்துவது என்றேன்.

2014 முழுக்க வெற்றி இல்லை, போடியங்கள் மட்டும். 2015 ஏப்ரலில் அரகோனில் இரண்டாவது பந்தயத்தில் டேவிஸ் ஜெயித்தார். உலக சூப்பர்பைக்கில் பனிகாலேயின் முதல் வெற்றி அது. வண்டி வந்து மூன்றாவது பருவம். இவருடைய தொழில்வாழ்க்கையில் ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். அந்த வருடம் மலேசியாவின் செபாங், லகூனா சேகாவில் இரண்டும், ஹெரெஸ் என்று மொத்தம் ஐந்து வெற்றிகள். பட்டியலில் இரண்டாம் இடம். முதலிடம், கவாஸாகியில் அப்போதுதான் சேர்ந்த வட அயர்லாந்துக்காரர் ஜொனாதன் ரே. 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு பட்டம் வென்றவர். டேவிஸின் நல்ல வருடங்கள் எல்லாம் அந்த ஆறு வருடத்துக்குள் மாட்டிக்கொண்டன. துரதிர்ஷ்டம் என்று சொல்வதானால் நான் ஒப்புக்கொள்வது இதை மட்டும்தான்.

2016தான் சுவையான வருடம். அரகோனில் இரண்டு, இமோலாவில் இரண்டு என்று நான்கு வெற்றிகளோடு தொடங்கி, நடுவில் விழுந்து புள்ளிகளை விட்டார். கோடை விடுமுறைக்குப் பிறகு வந்த டேவிஸ் வேறு ஆள். ஜெர்மனியின் லவுசிட்ஸ்ரிங்கில் ஒன்று, மன்யி-கூரில் இரண்டு, ஹெரெஸில் இரண்டு, கத்தாரில் இரண்டு. கடைசி எட்டுப் பந்தயங்களில் ஏழு வெற்றி. மொத்தம் பதினொன்று. ஆனாலும் மூன்றாம் இடம்! கவாஸாகியின் டாம் சைக்ஸ் 447 புள்ளி, டேவிஸ் 445. கத்தாரின் கடைசிப் பந்தயத்தில் டேவிஸ் முன்னால் போய்விட்டார். பின்னால் இரண்டாவதாக வந்த ரே, பட்டம் ஏற்கெனவே கையில் இருந்ததால், முடிவில் வேகத்தைக் குறைத்து அணித்தோழர் சைக்ஸை முன்னே விட்டார். இரண்டாம் இடத்துக்கு 20 புள்ளி, மூன்றாம் இடத்துக்கு 16. அந்த நான்கு புள்ளி கிடைக்காமல் போயிருந்தால் சைக்ஸ் 443தான். டேவிஸுக்கு இரண்டாம் இடம் கிடைத்திருக்கும். விதிப்படி எந்தத் தவறும் இல்லை, அணி விளையாட்டில் இது நடப்பதுதான். இருந்தாலும் பதினொரு முறை ஜெயித்தவர் மூன்றாம் இடத்தில் நிற்பதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

சரி, 2017க்கு வருவோம். 'துரதிர்ஷ்டம்' என்று வாதிடுபவர்கள் எடுப்பது இந்த வருடத்தைத்தான். அரகோனின் முதல் பந்தயத்தில் முன்னணியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது முடிவை நெருங்கும் நேரத்தில் விழுந்தார். மறுநாள் ஜெயித்தார். நெதர்லாந்தின் அசெனில் ரேயோடு மோதிக்கொண்டிருந்தபோது கடைசிக் கட்டத்தில் வண்டி நின்றுவிட்டது. அதற்கு முன்னால் தகுதிச் சுற்றில் ரே தன் வழியை மறித்ததாக இவர் கொதித்து, இருவரும் வண்டி நிறுத்துமிடத்திலேயே முகத்துக்கு நேராகப் பேசிக்கொண்டார்கள். ரேவுக்கு மூன்று இடம் பின்னால் தொடங்கும் தண்டனை கிடைத்தது. அப்படியும் ஜெயித்தது ரேதான்.

ஜூனில் மிசானோ. இத்தாலி, டுகாட்டியின் சொந்த மண். கடைசிச் சுற்றில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த டேவிஸ் வழுக்கி விழுந்தார். நேர் பின்னால் வந்த ரேவால் விலக முடியவில்லை. ரேயின் வண்டி டேவிஸ் மேல் மோதியது. முதுகெலும்பில் ஒரு முள்ளெலும்பு முறிந்தது. அடுத்த நாள் பந்தயத்தில் அவர் இல்லை. மூன்று வாரம் கழித்து லகூனா சேகாவில் வந்து நின்றார். அங்கே 'கார்க்ஸ்க்ரூ' என்று ஒரு வளைவு உண்டு. மலையுச்சியிலிருந்து ஒரு மாடி வீட்டின் உயரத்துக்கும் மேல் விழுவது போல இடமும் வலமுமாகத் திரும்பி இறங்கும். முறிந்த முதுகோடு அதில் இறங்கி, முதல் பந்தயத்தை வென்றார்.

இப்போது கணக்கு. 2017 முடிவில் ரே 556, டேவிஸ் 403. வித்தியாசம் 153. அரகோன் ஒன்று, அசென் ஒன்று, மிசானோ இரண்டு, இந்த நான்கையும் டேவிஸ் வென்றதாகவே வைத்துக்கொள்வோம். வெற்றிக்கு 25 வீதம் தாராளமாக 100 புள்ளி. ரே வென்ற இடத்தில் அவர் இரண்டாவது ஆகியிருந்தால் பந்தயத்துக்கு ஐந்து புள்ளி வீதம் குறையும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் 120ஐத் தாண்டாது. அதாவது எல்லாத் துரதிர்ஷ்டத்தையும் துடைத்துவிட்டாலும் பட்டம் ரேவுக்குத்தான். 2015ல் இடைவெளி 132, 2018ல் 189. ஒரு கெட்ட வார இறுதியால் உண்டாகும் இடைவெளிகள் இல்லை இவை.

காரணம் என்ன? என் கருத்தில், டேவிஸ் பந்தயம் வெல்பவர், ரே பருவம் வெல்பவர். டேவிஸின் பலம் கடும் பிரேக். நேர்கோட்டின் முடிவில் மற்றவர்கள் பிரேக்கைத் தொட்ட பிறகும் இவர் போய்க்கொண்டே இருப்பார். பிறகு வண்டியை நிறுத்தி, திருப்பி, நிமிர்த்தி, சக்தியைக் கொட்டி வெளியேறுவார். வளைவுக்குள் வேகத்தைச் சுமந்துகொண்டு வட்டமாகப் போகும் பாணி இல்லை. அரகோனும் இமோலாவும் இந்தப் பாணிக்குத் தைத்த சட்டை. அரகோனில் மட்டும் ஏழு வெற்றி. அவருக்கு ஒத்துவராத தடங்களில் ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் வருவார், அல்லது முன்டயரைக் கொஞ்சம் அதிகமாக நம்பிக் கீழே விழுவார். முன்டயரின் மேல் அவ்வளவு பாரம் ஏற்றி ஓட்டுகிறவருக்கு அந்த அபாயம் தினமும் உண்டு. ரேவுக்கு மோசமான நாள் என்றால் இரண்டாம் இடம், மூன்றாம் இடம். பட்டம் கிடைப்பது அந்த மோசமான நாட்களில்தான். கவாஸாகியும் எல்லாத் தடத்துக்கும் ஒத்துப்போகும் வண்டி. ஆகவே இதில் ஆள் பாதி, வண்டி பாதி.

2018ல் கோடையில் பயிற்சியின்போது காறை எலும்பை உடைத்துக்கொண்டார். தாய்லாந்திலும் அரகோனிலும் ஒவ்வொரு வெற்றி, மறுபடி இரண்டாம் இடம். 2019ல் டுகாட்டி இரண்டு சிலிண்டரைக் கைவிட்டு நான்கு சிலிண்டர் பனிகாலே வி4 ஆர் கொண்டுவந்தது. மோட்டோஜிபியிலிருந்து வந்த ஆல்வரோ பவுட்டிஸ்டா அதில் ஏறி முதல் பதினொரு பந்தயங்களையும் வரிசையாக வென்றார். அதே அணியில், பக்கத்து அறையில் டேவிஸ், ஐந்து வருடம் பிடிவாதமாகப் பழக்கிய வண்டி போய், கைக்கு வராத புதிய வண்டியோடு தவித்துக்கொண்டிருந்தார். பவுட்டிஸ்டா சின்ன உடம்புக்காரர், டேவிஸ் ஏறக்குறைய ஆறடி உயரம். நேர்கோட்டில் அந்த வித்தியாசம் தெரியத்தான் செய்யும். ஆனால் அதை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது, முன்பக்கத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஜூலையில் லகூனா சேகாவில் ஒரு வெற்றி, பருவ முடிவில் ஆறாம் இடம்.

2020ல் அவர் மெல்ல வண்டியைப் புரிந்துகொண்டார். பார்சிலோனாவில் ஒரு வெற்றி. ஆனால் அடுத்த வருடத்துக்கு டுகாட்டி தொழிற்சாலை அணி இளைஞரான மைக்கேல் ரினால்டியைத் தேர்ந்தெடுத்தது. போர்ச்சுகலின் எஸ்டோரிலில் அந்த அணிக்காக ஓட்டிய கடைசிப் பந்தயத்தில் டேவிஸ் ஜெயித்தார். வாயால் எதுவும் சொல்லத் தேவை இல்லாமல் போயிற்று. பட்டியலில் மூன்றாம் இடம். 2021ல் கோலெவன் என்ற தனியார் டுகாட்டி அணி, ஒரு போடியம், மீண்டும் காயங்கள். செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார்.

மொத்தக் கணக்கு: சூப்பர்பைக்கில் 32 வெற்றி. அதில் 28 டுகாட்டியில். அவர் விலகும்போது அந்த நிறுவனத்துக்காக அவரைவிட அதிகம் வென்றவர்கள் கார்ல் ஃபோகார்ட்டியும் ட்ராய் பேலிஸும்தான். இரண்டு பேருமே பல பட்டம் வென்றவர்கள். போடியங்கள் 99. ஆமாம், நூறு இல்லை. இந்த மனிதரின் கதைக்கு வேறு எந்த எண்ணும் பொருந்தியிருக்காது என்று தோன்றுகிறது.

ஓய்வுக்குப் பிறகு 2022ல் டுகாட்டி அணி அவரைத் திரும்ப அழைத்தது, வீரர்களுக்குப் பயிற்சியாளராக. தடத்தின் ஓரத்தில் நின்று யார் எங்கே பிரேக் பிடிக்கிறார்கள், எங்கே நேரம் போகிறது என்று பார்த்துவந்து சொல்லும் வேலை. அந்த வருடம்தான் செக்காவுக்குப் பிறகு, பதினோரு வருடம் கழித்து, டுகாட்டி வீரர் ஒருவர் உலக சூப்பர்பைக் பட்டத்தை வென்றார். வென்றவர் பவுட்டிஸ்டா. வண்டி, டேவிஸுக்குக் கடைசிவரை முழுதாகப் பிடிபடாத அதே வி4.